கண்டற்காடுகள்: நடுவதிலும் காப்பதே மேல்

கந்தப்பளை போன்ற மலையகப் பிரதேசங்களில் வாழ்வோருக்கு மரவேர்களின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் பெய்த அடைமழை மலையகமெங்கும் ஏற்படுத்திய மண்சரிவுகளை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மலைச்சரிவுக்குக் காடு எத்தகைய அரணோ, கரையோரத்துக்குக் கண்டற்காடு அத்தகைய அரணாகும்.

கந்தப்பளைச் சரிவுகளில் விழும் மழைநீர் ஓடைகளினூடாக மகாவலியைச் சேர்ந்து, மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் கடலுடன் கலக்கின்றது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இத்தகைய உவர்நீர்ச் சேற்று நிலங்களிலேயே கண்டல் தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன, கரையரிப்பைக் குறைக்கின்றன, மீன், இறால், நண்டுக் குஞ்சுகளுக்குப் புகலிடமளிக்கின்றன. கிழக்கிலும் புத்தளத்திலும் களப்புகளை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளர்களின் வாழ்வாதாரம் இவ்வேர்களிலேயே தங்கியுள்ளது.

ஆயினும், 1980களிலிருந்து புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1996 இல் பரவிய வெண்புள்ளி நோயினால் அத்தொழில் பெரும் வீழ்ச்சியைச் சந்தித்தது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. இலாபமும் நிலைக்கவில்லை, காடும் எஞ்சவில்லை.

2004 ஆழிப்பேரலையின் பின்னர் கண்டல் நடுகை உற்சாகத்துடன் முன்னெடுக்கப்பட்டது. அதன் பலன் என்ன? ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. நடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கிலேயே நடுகை வெற்றியளித்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் பிழைத்திருக்கவில்லை. பொருத்தமற்ற இடத்தேர்வும், நட்டபின் பராமரிக்காமையும் இதற்கான முக்கிய காரணங்களாகும்.

இப்பாடத்தை உணர்ந்து, விஞ்ஞான அடிப்படையில் பின்னர் மேற்கொள்ளப்பட்ட இலங்கையின் கண்டல் மீளமைப்புப் பணி 2024 இல் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரத்தைப் பெற்றது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், புகைப்படத்துக்காகக் கன்று நடும் விழாக்களைவிட, நிற்கும் மரத்தை வெட்டவிடாது தடுப்பதே முதற்பணி என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

இதில் மலையகத்துக்கும் பங்குண்டு. தேயிலை மலைகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் மண்ணரிப்பைத் தடுப்பதும், கிருமிநாசினிகளை ஓடைகளில் கலக்கவிடாது பார்த்துக்கொள்வதும் நமது கடமையாகும். ஆற்றின் தலைமாட்டில் வாழ்வோர் அதன் கால்மாட்டில் வாழ்வோரை மறந்துவிடலாகாது.