மூத்தவள் ஆதிரா... அப்போ தம்பி ஆதிரனா?

ஏழாவது மாசம் தாண்டியதுமே ஃபேமிலி வாட்ஸ்-அப் குரூப்பில் லிஸ்ட் வர ஆரம்பித்துவிடும். மூத்தவள் பெயர் ஆதிரா என்று வைத்துக்கொள்வோம். சித்தி அனுப்புவது ஆதிரன். மாமா அனுப்புவது ஆத்விக். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் ஆதவ், ஆத்யா என்று பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுவார். நம்மூரில் ஸ்கேன் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்வது குற்றம் என்பதால் எப்போதும் ரெண்டு லிஸ்ட் வேண்டுமே. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ரைமிங்கா இருந்தா க்யூட்டா இருக்கும்ல?"

க்யூட்டாகத்தான் இருக்கும். முதல் பிறந்தநாள் பேனரில், கேக்கில், இன்ஸ்டா ரீல்ஸில் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் பெயர் அதிகம் புழங்குவது பேனரில் இல்லை. சமையலறையில் இருந்து கத்துவது, ஸ்கூல் வேன் அண்ணன் கூப்பிடுவது, கிளினிக்கில் டோக்கன் வாசிப்பது, இப்படித்தான் அது நாள் முழுக்க ஓடுகிறது. அங்கே ஜோடிப் பெயர்கள் கொஞ்சம் மக்கர் பண்ணும்.

முதலில் கூப்பிடும் விஷயம். நாம் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் வாலைத்தான் இழுக்கிறோம். "யாழினீ...", "நந்தினீ...". மாடியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை காதில் விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி "னீ" மட்டும்தான். ரெண்டும் "என்னம்மா?" என்று ஓடி வரும், அல்லது ரெண்டும் 'அவளைத்தான் கூப்பிடுறாங்க' என்று விளையாட்டைத் தொடரும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை விட, ஒரே மாதிரி முடியும் பெயர்கள் தமிழ் வீட்டில் அதிகம் குழப்பும் என்பது என் அனுபவம். ஒரே மாதிரி தொடங்கினால் வேறொரு சிக்கல். ஆதிராவும் ஆதித்யாவும் சுருங்கினால் ரெண்டு பேரும் 'ஆதி'தான்.

பெயரை மாற்றிக் கூப்பிடுவது பெற்றோருக்குப் புதிதில்லை. நாலு பெயர் சொல்லி ஐந்தாவதாகச் சரியான பெயருக்கு வரும் பாட்டி எல்லார் வீட்டிலும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2016-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1,700-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டதில், ஆள் மாற்றிக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்துக்குள் நடக்கிறது என்று தெரிந்தது. மகன் பெயருக்குப் பதில் மகள் பெயர் வரும். வீட்டு நாயின் பெயர்கூட வரும். பெயர்களின் தொடக்கமோ முடிவோ ஒரே ஒலியில் இருந்தால் தடுமாற்றத்துக்கு அதுவும் கொஞ்சம் உதவுகிறது. ஆக, அண்ணன் - தம்பி என்பதாலேயே நாக்கு ஏற்கெனவே குழம்பக் காத்திருக்கிறது. ரைமிங் வைத்து அதற்கு நாமே ரோடு போட்டுக் கொடுக்க வேண்டுமா?

ஒரே நம்பர், ஒரே இனிஷியல்

வீட்டுக்குள் குழப்பம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வெளியே அப்படி இல்லை. இன்று லேப், கிளினிக், மெடிக்கல் ஷாப் எல்லா இடத்திலும் தேடுவது மொபைல் நம்பரை வைத்துத்தான். அப்பா நம்பரைத் தட்டினால் ஸ்கிரீனில் ரெண்டு வரி வரும்: 'ஆத்விகா எஸ்', 'ஆத்விக் எஸ்'. கூட்டமான மாலை நேரத்தில், ரெண்டு பேருக்கும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆறு வயது அக்காவுக்கான அளவு ஒரு வயது தம்பியின் சீட்டில் ஏறினால் சிரிக்க முடியாது. பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரட்டையர்களுக்கு இப்படி ஆள் மாறி மருந்துக் குறிப்பு பதிவாகும் ஆபத்து அதிகம் என்று 2019-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு எச்சரித்தது. அது மருத்துவமனைகள் தற்காலிகமாகப் போடும் ஒரே மாதிரியான பெயர்களைப் பற்றியது. நாம் நிரந்தரமாகவே அப்படி வைத்துவிட்டால்?

இந்தப் பிரச்சினை தமிழர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். உடன்பிறந்தவர்களுக்கு அது ஒன்றேதான். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து ரெண்டு பேருக்கும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வெளிநாடு போனால் முன் எழுத்தும் அந்தக் கடைசிப் பெயரும் மட்டும் மிஞ்சும் இடங்கள் நிறைய. சென்னையின் டென்னிஸ் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்த், விஜய், அசோக். மூவரும் அமிர்தராஜ். 'வி. அமிர்தராஜ்' என்றால் விஜய். 'ஏ. அமிர்தராஜ்' என்று போட்டால் ஆனந்தா, அசோக்கா?

இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு குடும்பமாகச் சேர்த்துக் கட்டும் வேலையை இனிஷியல் ஏற்கெனவே செய்துவிடுகிறது. பெயரும் அதே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. ஆர்.பிரக்ஞானந்தா, ஆர்.வைஷாலி என்று படித்ததும் அக்கா - தம்பி என்று புரிந்துவிடுகிறது; ரெண்டு பெயருக்கும் ஓசையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கலைஞர் வீட்டில் மகன்களுக்கு 'மு.க.' பொது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் தனிக்கதை. முத்து, தாத்தா முத்துவேலர் பெயர். அழகிரி, பட்டுக்கோட்டை அழகிரியின் நினைவாக. ஸ்டாலின் 1953 மார்ச் 1-ல் பிறந்தார். சோவியத் தலைவர் ஸ்டாலின் மார்ச் 5-ல் இறந்தார்.

கிரிக்கெட்டர் வாஷிங்டன் சுந்தர் கதையும் இப்படித்தான். தன் கிரிக்கெட் ஆசைக்குக் கைகொடுத்த பி.டி.வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவத்தினரின் பெயரை அப்பா சுந்தர் மகனுக்கு வைத்தார். அக்கா பெயர் ஷைலஜா, அவரும் கிரிக்கெட்டர். ஷைலஜாவுக்கு 'மேட்ச்' ஆக வாஷிங்டனை எந்த ஆப்பும் சொல்லியிருக்காது.

சரி, எனக்கு ஏதாவது ஒரு தொடர்பு இருந்தே ஆகணும் என்பவர்களுக்கு: ஓசையை விட்டுவிட்டு அர்த்தத்தில் ஜோடி சேருங்கள். நடிகர் சூர்யாவின் இயற்பெயர் சரவணன், தம்பி கார்த்தி. ரெண்டும் முருகன் பெயர். கேட்டால் குழம்பாது, யோசித்தால் சேரும். மூத்தவன் கவின் என்றால் அழகு. தங்கைக்கு எழில் வைக்கலாம். கடல், மழை, இசை என்று ஒரே உலகத்தில் இருந்து ரெண்டு சொல் எடுக்கலாம். ராமன் - லட்சுமணன், லவன் - குசன் மாதிரி 'செட்' பெயர்களில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருத்தன் பெயரைச் சொன்னதும் 'இன்னொருத்தன் எங்கே?' என்று உலகம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தம்பி என்பதே பெயரா?

ரெண்டாவது பிள்ளையை முதல் பிள்ளையின் நிழலில் வைத்துப் பெயரிடுவது நமக்குப் பழைய பழக்கம். பெரியசாமிக்கு அடுத்து சின்னசாமி. சேரன் செங்குட்டுவனின் தம்பியாகச் சொல்லப்படும் இளங்கோவின் பெயருக்கே 'இளைய கோ' என்றுதான் பொருள். இதுவரை பரவாயில்லை, பாசம் என்று விட்டுவிடலாம்.

இதே பழக்கத்தின் கசப்பான முனையில் 'போதும்பொண்ணு'வும் 'வேண்டாம்'மும் இருக்கிறார்கள். மூத்ததெல்லாம் பெண்ணாகப் பிறந்துவிட, அடுத்தும் பெண் என்றதும் வைத்த பெயர்கள். அடுத்ததாவது பையனாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. அந்தப் பெயரோடு ஒரு பெண் பள்ளிக்குப் போய், அட்டெண்டன்ஸில் கை தூக்கி, வேலைக்கு அப்ளிகேஷன் போட்டு, கல்யாணப் பத்திரிகை வரை சுமந்தாள். அவள் பெயர் அவளைப் பற்றியதே அல்ல. அவளுக்கு முன்னே பிறந்தவர்களைப் பற்றியது. ரைமிங் பெயரை இதோடு ஒப்பிடுவது அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஆதிரன்' என்று ஒருவன் ஏன் ஆனான் என்றால், அக்கா ஆதிரா என்பதால். அவனுக்கென்று வேறு காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஜோடி கணக்கு தானாகவே உடைந்துவிடும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மூத்தவன் வருண், இளையவள் கார்த்திகையில் பிறந்தால் 'வ'வைத் தேடிப் பயனில்லை. நியூமராலஜி பார்ப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். கூடுதலாக ஒரு 'ஏ', ஒரு 'ஹெச்' சேர்ப்பது என்றால் பிறப்புச் சான்றிதழுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அக்கா 'டி-ஹெச்', தம்பி 'டி' மட்டும் என்று ஒரே வீட்டில் ரெண்டு ஸ்பெல்லிங் கொள்கை இருந்தால், ஒவ்வொரு ஃபார்மிலும் விளக்கம் சொல்லி மாளாது.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருடம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடன் முடியும். ஆனால் சேர்த்த பெயரை மாற்றுவது லேசில்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் ஆகிவிட்டதால், அதில் ஏறும் எழுத்துகளை ரெண்டு தடவை படியுங்கள்.

அதற்குள் ஒரு சின்ன டெஸ்ட். லிஸ்ட்டில் மிஞ்சிய மூன்று பெயர்களை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், மூத்த பிள்ளையின் பெயரோடு மாற்றி மாற்றிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு மூத்த பிள்ளையிடமே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் அந்தப் பெயரை அதிகம் கூப்பிடப்போவது அவள்தான். மூணு வயசு அக்காவுக்கு 'மகிழன்' வாயில் நுழையாமல் 'மகியன்' என்று வந்தால், சான்றிதழில் என்ன இருந்தாலும் அடுத்த பத்து வருடத்துக்கு வீட்டில் அவன் மகியன்தான்.