மூச்சு விடட்டும் கேம் பெட்டி

கத்திவாக்கத்து நேயர்களே, வீட்டில் எக்ஸ்பாக்ஸோ பிளேஸ்டேஷனோ இருந்தால் அதன் பின்பக்கத் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். நம் கடற்காற்றின் உப்பு ஈரத்தில் தூசி பிசுபிசுவென்று அப்பியிருக்கும். காற்று அடைபட்டால் பெட்டி கொதிக்கும். சூடேறிக் குளிர்ந்து, மறுபடி சூடேறி, உள்ளே சிப்பின் பற்றவைப்பு விரிசல் விடும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பெட்டிகள் செத்துப்போனது இப்படிப் பற்றவைப்பு விரிசல் விட்டுத்தான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை 3 ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது.

பெட்டிக்குத் துணி போர்த்தாதீர்கள், அலமாரிக்குள் அடைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் துளைகளை மெல்லத் தட்டுங்கள். ஃபேன் வழக்கத்தைவிட இரைந்தால் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் ஆசை ஆசையாய்க் காத்திருந்து வாங்கிய பொருள் அது.