கடலுக்கும் ஓய்வு வேண்டும்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 நெருங்கியதும் கம்மாபுரம், நெய்வேலி, விருத்தாசலம் பகுதி மீன் கடைகளில் ஒரே பேச்சுதான்: "தடைக்காலம் வந்துவிட்டது, இனி மீன் விலை ஏறும்." கடலோரத்தில் வாழாத நமக்குத் தடைக்காலம் என்றால் விலை உயர்வு, அவ்வளவுதான். ஆனால் நம் மாவட்டத்திலேயே, கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அது அடுப்பு எரியுமா என்ற கேள்வி. இந்தத் தடை எதற்காக? இதன் சுமையை யார் சுமக்கிறார்கள்? சற்றுச் சிந்திப்போம்.

தடைக்காலம் என்பது என்ன?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 2001 முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. நாட்டுப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் இந்தத் தடை இல்லை.

பல மீன் இனங்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் இது. ஒரு தாய் வஞ்சிரம் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. அவற்றுள் பிழைத்து வளர்பவை மிகச் சிலவே. சினையோடு தாயைப் பிடித்துவிட்டால் அந்தச் சிலவும் இல்லாமல் போகும். இழுவைமடியோ கடலடியை வாரிக்கொண்டு வருகிறது. உண்ணத்தக்க மீனோடு விரல் அளவுக் குஞ்சுகளும் அதில் சிக்கும். அவை கோழித்தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகின்றன. ஓராண்டு கழித்து நல்ல விலைக்கு விற்றிருக்கவேண்டிய மீன் இன்று தீவனமாகிறது.

இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயைப் போகவிட வேண்டும் என்பதே அது. உண்ணுவதை இறைவன் தடுக்கவில்லை, வேரோடு அழிப்பதையே தடுக்கிறார். லேவியர் நூல் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரச் சொல்கிறது. நிலத்துக்குச் சொன்னது கடலுக்கும் பொருந்தாதா?

ஓய்வு தராத கடல் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாடு சாட்சி. நியூஃபவுண்ட்லாந்து தீவையொட்டிய கடலில் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் குவிந்து கிடந்தது. பெரிய கப்பல்கள் அளவின்றி அள்ளியதால் மீன்வளம் சரிந்தது. 1992-இல் அரசு அங்குக் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்த தடை 2024 வரை, 32 ஆண்டுகள் நீடித்தது. நம் 61 நாட்கள், அந்த 32 ஆண்டுகள் நமக்கு வராதிருக்க நாம் தரும் விலை.

விலையைக் கொடுப்பது யார்?

'நாம்' என்று சொன்னேன். உண்மையில் அந்த விலையைக் கொடுப்பவர் மீனவரே. தடைக்கால நிவாரணத் தொகை குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 8,000 ரூபாயை 61 நாட்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளுக்குச் சுமார் 131 ரூபாய். படகில் பங்குக்குச் செல்லும் தொழிலாளி, ஐஸ் உடைப்பவர், சுமை தூக்குபவர், கூடை சுமந்து விற்கும் பெண்கள் எல்லாருடைய பிழைப்பும் அந்தப் படகுகளைச் சார்ந்தே இருக்கிறது.

மீன் குறையும்போது மனிதருக்குள் பகையும் வளர்கிறது. கடலூர்க் கடற்கரை இதை நன்கு அறியும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையைப் போல, மீன் கூட்டத்தை வளைத்து அடியை இறுக்கி மொத்தமாக அள்ளுவது சுருக்குமடி வலை. தமிழக அரசு 2000-ஆம் ஆண்டு அதைத் தடை செய்தது. சுனாமிக்குப் பின் பல இலட்சம் கடன் வாங்கி அந்த வலையில் முதலிட்டவர்கள் ஒருபுறம், "எங்கள் சிறு வலைக்கு மீனே மிஞ்சவில்லை" என்னும் நாட்டுப்படகு மீனவர் மறுபுறம். ஊருக்கு ஊர் மனத்தாங்கல். 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பதிவு பெற்ற படகுகள், 12 கடல் மைல்களுக்கு, அதாவது சுமார் 22 கி.மீ.-க்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை அவ்வலையைப் பயன்படுத்தலாம் என்றது. இரு தரப்பின் கண்ணீரும் உண்மையானதே. லூக்கா நற்செய்தியில், வலை கிழியுமளவு மீன் கிடைத்தபோது சீமோன் மறுபடகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார். பாடு மிகுந்தபோதும் அவர் அடுத்த படகை மறக்கவில்லை.

பேச வாயில்லாத உயிர்களும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நாடி வருகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இழுவைமடியில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்து இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, குஞ்சு மீனைக் கேட்டு வாங்காதிருப்போம். கேரளத்தில் மத்தி 10 செ.மீ.-க்கும், அயலை எனப்படும் கானாங்கெளுத்தி 14 செ.மீ.-க்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக்கூடாது என்று விதியே உள்ளது. நம் சட்டியிலும் அந்த அளவைக் கடைப்பிடிக்கலாம். நெத்திலி போன்றவை இயல்பிலேயே சிறியவை, அவற்றை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனைக் கூடையில் கொண்டுவரும் பெண்களிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதிருப்போம்.

மூன்றாவது, விடுமுறையில் தூண்டிலோடு பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். விசைப்படகுத் தடை உங்கள் தூண்டிலைத் தொடாது. ஆனால் வலைக்கு இல்லாத ஒரு நன்மை தூண்டிலுக்கு உண்டு: மீன் உயிரோடு கைக்கு வருகிறது, விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் முடிவு. குஞ்சையும் சினை மீனையும் ஈரக் கையால் பிடித்து உடனே நீரில் விட்டுவிடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் சுருட்டி எடுத்து வாருங்கள்.

நான்காவது, விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. நாம் ஆற்றில் எறியும் நெகிழிப்பை அங்குள்ள மீனவரின் வலையில் போய்ச் சிக்கும். கடல் நமக்குத் தொலைவில் இல்லை.

அன்பார்ந்தவர்களே, நிலக்கரி பூமியில் வாழும் நாம், எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தை நன்கு அறிந்தவர்கள். தோண்டிய நிலக்கரி மீண்டும் முளைக்காது. மீன் முளைக்கும், காத்திருக்க மட்டும் மனம் வேண்டும். அந்தக் காத்திருப்பின் சுமையை மீனவர் மட்டுமே சுமக்க விடாமல், கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து நாமும் ஒரு தோள் கொடுப்போம். கடலின் ஆண்டவர் நம் மீனவச் சகோதரர்களைக் காப்பாராக.