ஆண்டுக்கு நான்கு சந்திப்புகள்

பெற்றோரால் பராமரிக்க முடியாத குழந்தையை வேறொரு குடும்பத்தில் வளர விடும் அரசு, பெற்றவர் அந்தக் குழந்தையை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கலாம் என்பதையும் முடிவு செய்கிறது. கேட்பதற்கு இது சாதாரண நிர்வாக விஷயம். ஆனால் பிள்ளை வீடு திரும்புமா என்பதைப் பல நேரங்களில் அந்த எண்ணிக்கையே தீர்மானித்துவிடுகிறது. நார்வேயில் 2008இல் பிறந்த ஒரு குழந்தை, பிறந்த சில வாரங்களிலேயே தாயிடமிருந்து எடுக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. பிறகு தாய்க்கு அனுமதிக்கப்பட்டவை ஆண்டுக்கு நான்கு சந்திப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், கண்காணிப்புடன். பிள்ளைக்குத் தாயிடம் ஒட்டுதல் இல்லை, பார்த்துவிட்டு வந்தால் நிம்மதி இழக்கிறான் என்ற காரணங்களும் சேர்ந்து, மூன்று வயதில் அவனை வளர்ப்புக் குடும்பத்துக்கே தத்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. வருடத்துக்கு எட்டு மணி நேரம் மட்டும் பார்க்கவிட்டு, ஒட்டவில்லை என்று தீர்ப்பெழுதுவது என்ன நியாயம்? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, 2019 செப்டம்பரில் 13 பேருக்கு 4 பேர் என்ற பெரும்பான்மையில், இந்தத் தத்து அனுமதியைக் குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறிய செயல் என்றது. இவ்வளவு அரிதான சந்திப்புகளை வைத்துத் தாயின் வளர்க்கும் திறனை எடைபோட முடியாது என்பதும் அதற்கு அது சொன்ன காரணங்களுள் ஒன்று.

இந்தச் சுழல் நார்வேக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரில் 1966இல் அரசுப் பராமரிப்புக்கு வந்த 624 குழந்தைகளை டேவிட் ஃபான்ஷெலும் யூஜின் ஷின்னும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். பெற்றோர் அடிக்கடி வந்து பார்த்த குழந்தைகளே அதிகம் வீடு திரும்பினர். ஐந்தாம் ஆண்டு முடிவிலும் பராமரிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைப் பார்க்கப் பெற்றோர் வருவதே நின்றிருந்தது. ஆனால், குறைந்த சிக்கல் உள்ள பெற்றோர்தான் அடிக்கடி வருவார்கள், அவர்களின் பிள்ளைகள் எப்படியும் திரும்பியிருப்பார்கள் என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. சந்திப்பு மட்டுமே பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாது. ஆனால் வராதவர் எல்லாரும் அக்கறையற்றவர் என்ற முடிவும் அதிலிருந்து கிடைக்காது. 1986இல் வெளியான இங்கிலாந்தின் டார்டிங்டன் ஆய்வு, வெளிப்படையான தடையைவிடத் தூரம், பயணச் செலவு, அடிக்கடி மாறும் இருப்பிடம், வரவேற்பில்லாத சூழல் ஆகியவையே உறவை மெல்ல மெல்ல அறுத்தன என்று காட்டியது. இவை அரசு நினைத்தால் குறைக்கக்கூடியவை.

இதைவிட வலுவான மறுப்பு குழந்தையின் பக்கத்திலிருந்து வருகிறது. வளர்ப்பவரிடம் வேர்பிடித்துவிட்ட பிள்ளையைப் பெற்றவர் வந்து வந்து கலைக்கலாமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாரத்துக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ சந்திப்புக்குக் கொண்டு செல்லப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், அந்த அலைச்சலால் வீடு திரும்பும் வாய்ப்பு கூடவில்லை என்று தெரிந்தது. ஆகவே அதிகம் என்பதே நல்லது என்றாகாது. கொடுமை செய்தவரைப் பார்க்கக் குழந்தையைக் கட்டாயப்படுத்துவதை எவரும் ஏற்க முடியாது. ஆனால் சந்திப்புக்குப் பிறகு பிள்ளை அழுவதற்கு ஒரே பொருள்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பயமாகவும் இருக்கலாம், பிரிவின் துயரமாகவும் இருக்கலாம். பயமென்றால் நிறுத்த வேண்டும். துயரமென்றால் நிறுத்துவது அதைக் கூட்டவே செய்யும். எது என்று கண்டறியாமல் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் தவறு. வீடு திரும்பவே போகாத பிள்ளைக்கும் பெற்றவரை அறிந்திருப்பது தேவை. அறியாத இடத்தைக் கற்பனை நிரப்பும். பெற்றவர் அங்கே தெய்வமாகவோ பேயாகவோ மாறிவிடுவார்.

எனவே ஒருமுறை குறித்த எண்ணிக்கை வருடக்கணக்கில் அப்படியே நீடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பழகிய முகமாக இருக்கச் சிறு இடைவெளிகள் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு விடுமுறையும் விருப்பமும் பார்க்க வேண்டும். வளரிளம் பருவத்தினர் தாங்களே கைப்பேசியில் தொடர்பைத் தேடிக்கொள்வார்கள், அவர்களுக்குத் துணை நிற்க ஆள் வேண்டும். நார்வே உச்ச நீதிமன்றமும் 2020 மார்ச்சில் மூன்று தீர்ப்புகளில், பொதுவான ஓர் அளவை எல்லாருக்கும் பொருத்தாமல் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வளர்ப்புக் குடும்பத்தில் உள்ள பிள்ளையைப் பெற்றோர் சீரான இடைவெளியில் சந்திக்க இடம் தருகிறது. குழந்தையின் நலனுக்கு ஆகாது எனக் குழந்தைகள் நலக் குழு கருதினால் காரணத்தை எழுதி வைத்து மறுக்கலாம். நல்ல விதிதான். ஆனால் மறுப்பதற்குக் காரணம் கேட்கும் சட்டம், சந்திப்பு அரிதாகும்போதும் அது பெற்றவரின் விருப்பமா, பேருந்துக் கட்டணமா, அலுவலக வசதியா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு, இந்த உறவு அற்றுப்போய்விட்டது என்று யாரும் முடிவெழுதக் கூடாது.