குழலுக்குள் ஏன் திருகு?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கென முதன்முதலாக ரைஃபிள் செய்யச் சொல்பவர்கள் வால்நட் மரப் பிடிக்கட்டையின் அழகில்தான் மயங்குகிறார்கள். ஆனால் தோட்டாவின் நீளத்தை முதலில் முடிவு செய்வதே புத்திசாலித்தனம். ஏன்?

குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் பள்ளங்கள் தோட்டாவைச் சுழற்றுகின்றன. சுழலாத நீண்ட தோட்டா காற்றில் குப்புறப் புரளும். சுழன்றால் பம்பரம்போல் நிலைநிற்கும். நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும். 1879-லேயே இதற்குச் சூத்திரம் தந்தவர் பிரிட்டிஷ் கணித அறிஞர் கிரீன்ஹில். .30-06 ரகத் தோட்டாவுக்கான குழலில் பள்ளங்கள் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் கிளம்பும் தோட்டா, நிமிடத்துக்குச் சுமார் 2 லட்சம் முறை சுழலும்!

கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. அதற்கு மாற்றான செம்பு, ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடைக்குத் தோட்டா நீளும்; சுழற்சியும் கூட வேண்டும். கட்டையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். திருகு பொருந்தாவிட்டால் புதுக் குழல்தான் வாங்க வேண்டும்.