தசை நோயும் மயக்க மருந்தும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து குடலிறக்கமுள்ள தன் பிள்ளையை ஒரு தாய், கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவருவாளாயின், மயக்க மருந்து கொடுப்பவரின் கேள்விகள் அவளுக்கு விசித்திரமாகவே தோன்றும். பிள்ளை எப்போது நடந்தான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றுகிறானா, பெற்றோர் உறவில் மணந்தவர்களா, குடும்பத்தில் எவரேனும் மயக்கத்திலேயே மாண்டதுண்டா?

கடைசிக் கேள்விக்குச் சரித்திரமுண்டு. உறவினர் பத்துப்பேர் ஈதர் மயக்கத்தில் இறந்ததாகச் சொல்லி, கால் முறிவைவிட மயக்கத்திற்கே அஞ்சிய மெல்போர்ன் இளைஞன் ஒருவனின் விவரத்தை மருத்துவர்கள் டென்பரோவும் லவலும் 1960-இல் வெளியிட்டனர். 'சென்ட்ரல் கோர்' போன்ற பிறவித் தசை நோயுள்ள சிலருக்கு, ஹாலோதேன் முதலிய ஆவி மருந்துகளும் சக்சினைல்கோலினும் தசைக்குள் கால்சியத்தைக் கட்டுக்கடங்காமல் அவிழ்த்துவிட, தாடை இறுகி, மூச்சில் கரியமில வாயு பெருகி, பின்னரே ஜுரம் கொதிக்கிறது. ஜுரத்துக்காகக் காத்திருப்பவர் தாமதித்தவரே! மாற்று மருந்து டான்ட்ரோலீன். பழைய வகையில், 20 மில்லிகிராம் கொண்ட ஒவ்வொரு குப்பியின் ஆரஞ்சு நிறத் தூளையும் 60 மில்லிலிட்டர் நீரில் குலுக்கிக் கரைக்கப் பல கைகள் வேண்டும்.

டுஷென் எனும் தசைச் சிதைவு நோயின் அபாயம் வேறு: சக்சினைல்கோலின் பட்டதும் சிதையும் தசை பொட்டாசியத்தைக் கொட்ட, இருதயம் நின்றுவிடலாம். ஆதலால் இத்தகைய சந்தேகமுள்ள பிள்ளைகளுக்கு ஆவி மருந்துகளையும் சக்சினைல்கோலினையும் விலக்கி, புரோபோஃபால் போன்ற மருந்தை நரம்பூசி வழியே செலுத்துகிறார்கள். விழித்தபின்னும் மூச்சுத் தசை சோர்ந்துவிடாதபடி நெடுநேரம் கண்காணிக்கிறார்கள்.