குடிநீரும் ஒப்பந்தமும்

நீர், மின்சாரம், வீதி, துறைமுகம் ஆகியன ஒரு நாட்டின் வாழ்வுக்கு அடிப்படையானவை. அவற்றை அமைப்பதற்குப் பெருமூலதனம் வேண்டும். வறிய நாட்டு அரசுகளிடம் அத்துணைப் பொருள் இருப்பதில்லை. ஆதலால், அரசும் தனியார் கம்பனியும் கூட்டுச் சேர்ந்து அப்பணிகளை மேற்கொள்ளும் முறை உலகெங்கும் பரவியுள்ளது. இம்முறை தன்னளவில் தீயதன்று. ஆயினும், அரசும் கம்பனியும் கடன் வழங்கும் நிறுவனமும் கூடிப் பேசும்போது, கட்டணம் செலுத்தப்போகும் மக்களின் நலனை எடுத்துரைப்பவர் யார்? தென்னமெரிக்காவில், பொலிவியா நாட்டின் கொச்சபம்பா நகரில் நிகழ்ந்தவை இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

அந்நகரில் நெடுங்காலமாகவே நீர்த்தட்டுப்பாடு நிலவியது. நீர் வழங்கிய பொது நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. ஏழைகள் வாழ்ந்த பகுதிகள் பலவற்றுக்குக் குழாய்கள் சென்றடையவில்லை. நீர் வழங்கலைத் தனியாரிடம் ஒப்படைக்குமாறு உலக வங்கி பொலிவிய அரசுக்கு ஆலோசனை கூறி வந்தது. நீர்க் கட்டண உயர்வைத் தணிப்பதற்கு அரச மானியம் வழங்கலாகாது எனவும் 1999இல் அவ்வங்கி பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கேள்விப் பத்திரம் சமர்ப்பித்தது ஒரேயொரு கூட்டுக் கம்பனியே. அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் அதிற் பெரும்பங்கு கொண்டிருந்தது.

ஒப்பந்தத்தின் காலம் 40 ஆண்டுகள். கம்பனி இட்ட மூலதனத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 15 முதல் 17 வரையிலான இலாபம் உறுதி செய்யப்பட்டது. பெருஞ்செலவில் மிசிகூனி அணையைக் கட்டும் திட்டமும் அதனுடன் இணைக்கப்பட்டது. அவ்வணை செலவுக்கேற்ற பயன் தராது என உலக வங்கியே கருதியிருந்தது. உள்ளூர் அரசியலின் பொருட்டே அது சேர்க்கப்பட்டது. அன்றியும், மக்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு அமைத்த கிணறுகளும் கம்பனியின் ஆளுகைக்கு உட்படும் நிலையைப் புதிய நீர்ச் சட்டம் உண்டாக்கிற்று.

2000ஆம் ஆண்டு சனவரியில் கட்டணம் உயர்ந்தது. சராசரி உயர்வு நூற்றுக்கு 35 எனக் கம்பனி கூறிற்று. பல வீடுகளிலோ கட்டணம் இருமடங்காயிற்று. தொழிலாளரும் கமக்காரரும் மாணவரும் வீதியில் இறங்கினர். ஏப்பிரலில் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. துப்பாக்கிச் சூட்டில் 17 வயது இளைஞன் ஒருவன் உயிரிழந்தான். அதன் பின்னரே ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. நீர்ச் சட்டமும் திருத்தப்பட்டது.

பிணக்கு அத்துடன் தீரவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசுக்கு எதிராக வழக்காடுவதற்கு, 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி உலக வங்கிக் குழுமத்தில் ஒரு மத்தியஸ்த நிலையம் நிறுவப்பட்டது. இலங்கையும் அதனை அறியும். மட்டக்களப்பில் 1987இல் அரச படைகளின் நடவடிக்கையின்போது ஓர் இறால் பண்ணை அழிந்தது. அதன் பொருட்டு இலங்கை அரசு நட்டஈடு செலுத்த வேண்டுமென அந்நிலையத்தில் 1990இல் தீர்ப்பாயிற்று. கொச்சபம்பாக் கம்பனியும் நெதர்லாந்துக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான முதலீட்டு உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டி அந்நிலையத்தையே நாடியது. வழக்கிற் பங்குகொள்ள நகர மக்களின் அமைப்புகள் அனுமதி கேட்டன, அது மறுக்கப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின், 2006 சனவரியில் கம்பனியினர் தம் பங்குகளை இரண்டு பொலிவியானோ என்னும் பெயரளவான விலைக்குக் கைமாற்றி வழக்கைக் கைவிட்டனர். 2007இல் பொலிவியா அந்நிலையத்தை நிறுவிய 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து விலகிற்று.

எனினும், இதனை மக்களின் முழு வெற்றி எனக் கொள்ளுதல் பொருந்தாது. நீர் வழங்கல் மீண்டும் பொது நிறுவனத்தின் கைக்கு வந்தபோதிலும், நகரின் தென்பகுதி மக்கள் பலர் பல ஆண்டுகளாகப் பவுசர்களில் வரும் நீரையே விலைகொடுத்து வாங்கினர். தனியார் நீங்கியதனாலே மட்டும் குழாயில் நீர் வந்துவிடாது. நிறுவனம் யாருடையதாயினும், அது மக்களுக்குக் கணக்குக் காட்டும் கடமையுடையதாதல் வேண்டும்.

பொதுநலத்துக்குரிய காவல்கள் சிலவே. ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அதன் வாசகம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். போட்டியில்லாத கேள்விப் பத்திரம் ஏற்கப்படலாகாது. இலாபத்தை முதலிட்டோர்க்கு உறுதி செய்து, நட்டத்தை மட்டும் மக்கள் தலையிற் சுமத்தலாகாது. கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இரு தரப்பையும் சாராத ஆணைக்குழுவிடம் இருத்தல் வேண்டும். முதலீட்டு உடன்படிக்கையில் ஒப்பமிடும் அரசு, அதனாற் பின்னர் எங்கே வழக்காட நேரும் என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பர் முன்னோர். ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும். கைச்சாத்துக்கு முன் ஒரு வினாவை எழுப்புவதற்குச் செலவு சிறிது. அவ்வினாவைப் பின்னர் வீதியில் எழுப்ப நேர்ந்த நகரமோ ஓர் இளைஞனின் உயிரை விலையாகக் கொடுத்தது.